ரேடியேட்டரில் தினமும் தண்ணி குறையுது, கீழே ஒரு சொட்டும் இல்லை: எங்கே போகிறது?

தம்பி, நீங்கள் சொன்னதை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். 2004 மாடல் மாருதி 800, ஏசி வண்டி. கீழக்கரையிலிருந்து திருப்புல்லாணி வழியாக தினமும் ராமநாதபுரம் போய் வருகிறீர்கள். காலையில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் தண்ணி இறங்கியிருக்கிறது, ஒரு டம்ளர் வீட்டு போர் தண்ணியை ஊற்றுகிறீர்கள். வண்டி நின்ற இடத்தில் ஈரம் இல்லை. பக்கத்தில் இருக்கும் ரிசர்வ் டேங்க் மட்டும் எப்போதும் நிறைந்தே இருக்கிறது, சில நாள் வழிகிறது. இஞ்சினையும் ரேடியேட்டரின் மேல்பக்கத்தையும் இணைக்கும் ரப்பர் குழாய், அதாவது மேல் ஹோஸ், காலையில் சப்பிப்போய்க் கிடக்கிறது. ஒரு மெக்கானிக், இஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேல்பகுதியான ஹெட்டுக்கும் நடுவில் அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது, ஹெட்டை இறக்கணும் என்கிறார். இன்னொருவர், இஞ்சின் சூடேறும்வரை தண்ணியை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓட்டு என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

இப்போதைக்கு இரண்டு பேர் சொல்வதையும் கேட்க வேண்டாம். முதலில் சில நூறு ரூபாய்க்கு ஒரு புது ரேடியேட்டர் மூடி வாங்குங்கள். பழைய மூடியின் தலையில் அது தாங்கும் அழுத்தம் 0.9 என்றோ வேறு எண்ணாகவோ அச்சிட்டிருக்கும், அதே எண் உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். "கொஞ்சம் கூடுதலா இருந்தா நல்லதுதானே" என்று கடைக்காரர் 1.1 கொடுத்தால் வாங்காதீர்கள். இருபது வருஷ ஹோஸும் ரேடியேட்டரும் அந்தக் கூடுதல் அழுத்தத்தைத் தாங்க வேண்டுமே.

மூடியை ஏன் சந்தேகிக்கிறேன் என்றால், நீங்கள் போகிறபோக்கில் எழுதிய இரண்டு விஷயத்தால்தான்: ரிசர்வ் டேங்க் நிறைந்திருப்பது, ஹோஸ் சப்பிப்போவது.

அந்த மூடிக்குள் இரண்டு வால்வு உண்டு. பெரிய ஸ்பிரிங்கோடு இருப்பது அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது. இஞ்சின் சூடேறும்போது தண்ணி விரியும், குறித்த அழுத்தத்தைத் தாண்டினால் அந்த ஸ்பிரிங் தூக்கி, அதிகப்படியானதைச் சின்னக் குழாய் வழியாக ரிசர்வ் டேங்குக்கு அனுப்பும். இதை எல்லோரும் அறிவார்கள். நடுவில் பொத்தான் அளவில் இருக்கும் இரண்டாவது வால்வைத்தான் யாரும் பார்ப்பதில்லை. இரவு இஞ்சின் ஆறும்போது உள்ளே இருக்கும் தண்ணி சுருங்கி வெற்றிடம் உண்டாகும். அப்போது இந்தக் குட்டி வால்வு திறந்து, வெளியே போன தண்ணியை டேங்கிலிருந்து திரும்ப இழுத்துக்கொள்ளும். அது உப்புப் படிந்து ஒட்டிக்கொண்டால் போன தண்ணி திரும்பாது. ரிசர்வ் டேங்க் நிறையும், ரேடியேட்டர் குறையும், வெற்றிடம் தாங்காமல் மேல் ஹோஸ் உள்வாங்கிச் சப்பிப்போகும். உங்கள் வண்டியில் நடப்பது அச்சாக இதுதான்.

கணக்கும் ஒத்துவருகிறது. 30 டிகிரியில் இருக்கும் தண்ணியை 95 டிகிரிக்குச் சூடாக்கினால் ஏறக்குறைய 3.5 சதவீதம் விரியும். மொத்தம் 4 லிட்டர் என்று வைத்துக்கொண்டால் 140 மில்லி. நீங்கள் தினம் ஊற்றுகிற ஒரு டம்ளர் அதுதான். காலையில் நீங்கள் ரேடியேட்டரை நிரப்புகிறீர்கள், ராமநாதபுரம் போய்ச் சேருவதற்குள் வண்டி அதைத் துப்பிவிடுகிறது. ஒழுக்கு என்றால் குறைந்துகொண்டே போகும். மூடிக் கோளாறு என்றால் ஓர் அளவுக்கு இறங்கி அங்கேயே நின்றுவிடும். நீங்கள் தினமும் நிரப்பிவிடுவதால் அது நிற்பது உங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை.

வாங்குவதற்கு முன்னால் பழைய மூடியையும் பார்த்துவிடலாம். வண்டி முழுக்க ஆறிய பிறகு, அதாவது காலையில், மூடியைக் கழற்றி அடிப்பக்கம் திருப்புங்கள். நடுவில் இருக்கும் பித்தளை வில்லையை நகத்தால் மெல்ல இழுத்துப் பாருங்கள். லேசாக வெளியே வந்து, விட்டதும் சட்டென்று ஒட்ட வேண்டும். வராமல் வெள்ளையாகப் பொரிந்து பிடித்திருந்தால் விஷயம் முடிந்தது. ரப்பர் வளையத்தில் பள்ளமோ வெடிப்போ இருந்தாலும் மாற்ற வேண்டியதுதான். ரேடியேட்டர் கழுத்தின் உள்விளிம்பில், அந்த ரப்பர் உட்காரும் இடத்தில், விரலை ஓட்டுங்கள். அங்கே உப்பு திட்டுத்திட்டாக இருந்தால் புது மூடியும் சரியாக உட்காராது. துணியால் துடைத்து எடுங்கள், உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள்.

சூடான வண்டியில் மூடியைத் தொடாதீர்கள் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் இன்னொன்று: சாவியை அணைத்த பிறகும் சில வண்டிகளில் எலக்ட்ரிக் ஃபேன் தானாகச் சுற்றத் தொடங்கும். கை வைக்குமுன் ஃபேன் கனெக்டரைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

மூடியை மாற்றியும் ஹோஸ் சப்பினால் சின்னக் குழாயைப் பாருங்கள். ரிசர்வ் டேங்கின் அடியில் சேறு மாதிரி துரு தங்கி, குழாயின் வாயை அடைத்திருக்கும். டேங்கைக் கழற்றிக் கழுவி, குழாயை ஊதிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

காலையில் மேல் ஹோஸைக் கிள்ளிப் பார்ப்பதை ஒரு பழக்கமாகவே வைத்துக்கொள்ளலாம், அவ்வளவு செய்தி அதில் இருக்கிறது. சப்பிக் கிடந்தால் திரும்பும் வழி அடைத்திருக்கிறது. ஹோஸ் உருண்டையாக, மெத்தென்று இருக்கிறது, ஆனால் ரேடியேட்டர் குறைந்திருக்கிறது என்றால் வெளியிலிருந்து எங்கோ காற்று உள்ளே போயிருக்கிறது. ரிசர்வ் குழாயில் விரிசல், தளர்ந்த கிளிப், சின்ன ஒழுக்கு, இவற்றில் ஒன்று. இரவெல்லாம் நின்ற வண்டியில் ஹோஸ் இன்னும் விறைப்பாக இருக்கிறது என்றால்தான் ஹெட் கேஸ்கெட்டைப் பற்றி யோசிக்க வேண்டும். இஞ்சின் சிலிண்டருக்குள் பெட்ரோல் எரிந்த வாயு தண்ணிப் பாதைக்குள் கசிந்தால்தான் ஆறிய பிறகும் அழுத்தம் அப்படி நிற்கும். உங்களுடையது அதற்கு நேர் எதிர். ஹெட்டை இறக்க இப்போது ஒரு காரணமும் இல்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

அப்படியும் மனசு கேட்காவிட்டால் செலவில்லாமல் பார்க்கலாம். ஆறிய வண்டியில் ரேடியேட்டரைக் கழுத்துவரை நிரப்பி, மூடியைப் போடாமல் ஸ்டார்ட் பண்ணுங்கள். முதலில் சில குமிழி வரும், அது உள்ளே தங்கிய காற்று. நிற்காமல் பொடிப்பொடியாக வந்துகொண்டே இருந்து, ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் கூடினால் அது எரிந்த வாயு. ஸ்பார்க் பிளக் மூன்றையும் கழற்றிப் பாருங்கள். இரண்டு பழுப்பாக இருக்க, ஒன்று மட்டும் கழுவியெடுத்த மாதிரி வெள்ளையாக இருந்தால் அந்தச் சிலிண்டருக்குள் தண்ணி போகிறது. நல்ல ஒர்க்‌ஷாப்பில் ரேடியேட்டர் கழுத்தில் வைத்துப் பார்க்கும் நீல நிறத் திரவ டெஸ்டர் இருக்கும், எரிந்த வாயு கலந்தால் அது மஞ்சளாகும். ராமநாதபுரத்தில் கிடைக்காவிட்டால் மதுரையில் பார்க்கலாம். ஹெட்டை இறக்கும் செலவோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை.

ஹெட் கேஸ்கெட் என்று மெக்கானிக் சொன்னதற்கு அவர் காட்டிய அத்தாட்சி, ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் பால் மாதிரி படிந்திருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். நம் கடற்கரைக் காற்றில், குறைந்த தூரம் ஓடும் வண்டியில், அந்த இடத்தில் மட்டும் நீராவி படிந்து அப்படி ஆவது சகஜம். ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். அதிலும் ஆயில் பால்காப்பி நிறத்தில் இருந்தால்தான் பயம். காலையில் சைலன்சரில் வரும் வெள்ளைப் புகையும் அப்படியே. ஐந்து நிமிஷத்தில் நின்றுவிட்டால் அது வெறும் ஈரம்.

தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றச் சொல்பவரிடம் நான் சண்டைக்கே போவேன். உங்களுடையது எம்பிஎஃப்ஐ இஞ்சின், அதாவது பெட்ரோலைக் கம்ப்யூட்டர் அளந்து அனுப்பும் வகை. வால்வு இல்லாவிட்டால் இஞ்சின் உரிய சூட்டுக்கு வர நெடுநேரம் பிடிக்கும். இஞ்சின் இன்னும் ஆறித்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டி அனுப்பும். மைலேஜ் போகும். ஆயிலில் சேரும் ஈரம் ஆவியாகாமல் தங்கும், மூடிக்கடியில் அந்தப் பால் படிவு இன்னும் கூடும். அடுத்த மெக்கானிக் அதைப் பார்த்துவிட்டு ஹெட் கேஸ்கெட் என்பார். நம் ஊரில் பாதி ஹெட் வேலை இப்படித்தான் பிறக்கிறது என்பது என் அபிப்பிராயம். வால்வு சந்தேகமாக இருந்தால் கழற்றி, ஒரு பாத்திரத்தில் தண்ணியோடு அடுப்பில் வையுங்கள். கொதி வருவதற்குள் வாயைத் திறந்தால் நல்லது, திறக்காவிட்டால் புதிது போடுங்கள்.

இனி தண்ணிக்கு வருகிறேன். மூடியைக் கெடுத்தது உங்கள் வீட்டு போர் தண்ணிதான். அதை விடாவிட்டால் புது மூடிக்கும் அதே கதிதான்.

கீழக்கரை, ஏர்வாடி, பெரியபட்டினம், இந்தப் பக்கம் நிலத்தடித் தண்ணி எப்படி இருக்கும் என்பது குடம் ஒன்றுக்குக் காசு கொடுத்துக் குடிதண்ணி வாங்குகிற உங்களுக்கே தெரியும். குடிக்க ஆகாத தண்ணியை ரேடியேட்டருக்குக் கொடுக்கிறோம். அதில் இருக்கும் கால்சியம் சூடானதும் பொருக்காகப் படிந்து ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களை அடைக்கிறது. அதைவிட மோசம் குளோரைடு உப்பு. அலுமினியத்தைப் புள்ளிபுள்ளியாக அரித்துத் துளை போடும். குழாயில் வரும் காவிரிக் கூட்டுக் குடிநீர் தேவலை, ஆனாலும் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டருக்கு அது ஈடாகாது.

"இங்கே பனியா பெய்யுது, கூலன்ட் எதுக்கு" என்று சிலர் கேட்பார்கள். உறைவதைத் தடுப்பது கூலன்ட்டின் ஒரு வேலை மட்டும்தான். அதில் கலந்திருக்கும் துருத்தடுப்பு மருந்துதான் நமக்கு வேண்டியது. வாட்டர் பம்ப்பின் சீலும் அதனால் அதிக நாள் வரும். கொதிநிலையும் ஏறும்: கூலன்ட்டின் முக்கியச் சரக்கான எத்திலீன் கிளைக்காலைத் தண்ணியோடு பாதிக்குப் பாதி கலந்தால், திறந்த பாத்திரத்திலேயே 107 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும். இன்னொரு லாபம் நமக்கு நேரடியாக உதவும். வெறும் தண்ணி ஒழுகினால் காய்ந்து மறைந்துவிடும். கூலன்ட் ஒழுகினால் பச்சையோ சிவப்போ ஒரு கறை விட்டுப் போகும், ஒழுக்கைத் தேட வேண்டியதில்லை, அதுவே இடத்தைக் காட்டிக்கொடுக்கும். கலந்தே வரும் ரெடிமேட் கூலன்ட் வாங்குங்கள். இரண்டு கம்பெனி கூலன்ட்டை, நிறம் ஒன்றாக இருக்கிறதே என்று கலக்காதீர்கள், நிறத்தை வைத்து உள்ளே இருக்கும் மருந்தைச் சொல்ல முடியாது.

இதையெல்லாம் செய்தும் தண்ணி குறைந்தால் அப்போது ஒழுக்கைத் தேடலாம். ரேடியேட்டர் கழுத்தில் பம்ப் மாதிரி பொருத்தி அழுத்தம் ஏற்றும் டெஸ்டர் இருக்கிற ஒர்க்‌ஷாப்புக்குப் போங்கள். ஆறிய இஞ்சினில், மூடியில் எழுதியிருக்கும் அளவுக்கு மட்டும் ஏற்றி, பதினைந்து நிமிஷம் முள் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இறங்கினால் டார்ச்சோடு தேடுங்கள். ஓடும்போது சூட்டிலும் காற்றிலும் காய்ந்துபோகும் சொட்டு, ஆறிய இஞ்சினில் அழுத்தம் கொடுத்தால் தப்பவே முடியாது.

நம் பக்கத்து வண்டியில் நான் முதலில் பார்ப்பது ஹோஸ் கிளிப்புக்கு அடியில். கிளிப் வெளியே பளபளப்பாக இருக்கும். தளர்த்தி ஹோஸைப் பின்னுக்கு இழுத்தால், உள்ளே இரும்புக் குழாயின் நுனி வெள்ளையும் துருவுமாகப் பொரிந்து, குண்டும் குழியுமாக இருக்கும். ஹோஸ் அந்தப் பொரிவின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. இரவு ரப்பர் சுருங்கும்போது அங்கே சொட்டும், வண்டி சூடானதும் ரப்பர் விரிந்து அடைத்துக்கொள்ளும். ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிக்கொண்டு போனால் ஒழுக்கே இருக்காது, "ஒண்ணுமில்லையே" என்று அனுப்பிவிடுவார்கள். விடியற்காலையில் வண்டியை எடுக்கும் முன்னால் பார்த்தால்தான் சிக்கும். கிளிப்பை மேலும் முறுக்குவது தீர்வல்ல. குழாய் நுனியை எமரித்தாளால் வழவழப்பாக்கி, புது ஹோஸ், துருப்பிடிக்காத கிளிப் போடுங்கள். அரித்தே போயிருந்தால் குழாயை மாற்ற வேண்டியதுதான்.

அடுத்தது வாட்டர் பம்ப். அதன் அடியில் ஒரு சின்னத் துளை உண்டு. உள்சீல் கசிந்தால் தெரியட்டும் என்றே வைத்த துளை அது. அங்கிருந்து கீழே கறைக்கோடு ஓடியிருந்தால் பம்ப் போகப்போகிறது. அந்தத் துளையை எம்-சீல் வைத்து அடைத்த வண்டியை நான் பார்த்திருக்கிறேன். அடைத்தால் தண்ணி பேரிங்குக்குள் போகும், அப்புறம் பம்ப் மொத்தமாக நின்றுவிடும்.

ரேடியேட்டரில் பிளாஸ்டிக் டேங்கும் அலுமினியமும் சேரும் மடிப்பைப் பாருங்கள். பித்தளை ரேடியேட்டர் என்றால் பற்றவைக்கலாம், பிளாஸ்டிக் டேங்க் உள்ளதை மாற்றுவதுதான் உத்தமம். வெளிப்பக்கத் தகடுகளை விரலால் தொட்டால் பொடியாக உதிர்கிறதா? மண்டபம், பாம்பன் பக்கம் ஓடும் வண்டிகளில் இது சீக்கிரம் வரும். கடல்காற்று போதாதென்று மீன் வண்டிகள் வேறு உப்புத் தண்ணியை ரோடெல்லாம் ஒழுகவிட்டுப் போகின்றன. வாட்டர் வாஷ் கடையில் ரேடியேட்டரை நேரே பிரஷரில் அடிக்கச் சொல்லாதீர்கள். தகடு மடங்கும், அவர்கள் அடிப்பதும் பெரும்பாலும் உப்பு போர் தண்ணிதான். வீட்டில் நல்ல தண்ணியை இஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கம் நோக்கி மெதுவாக விட்டால் போதும்.

உள்ளே, முன் சீட்டில் உட்காருபவரின் கால்பக்கம் மிதியடி நனைந்து, இனிப்பு வாடையும் கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்கும் இருந்தால் ஹீட்டர் பெட்டி ஒழுகுகிறது. ஏசி போட்டு நிறுத்திய பிறகு வண்டிக்கடியில் சொட்டுவதைப் பார்த்துப் பதறாதீர்கள். அது காற்றிலிருந்து இறங்கிய ஈரம். நம் ஊர்ப் புழுக்கத்தில் அது சின்னக் குட்டையாகவே தேங்கும். தொட்டால் பிசுக்கில்லாமல் வெறும் தண்ணியாக இருக்கும்.

ஒழுக்கே இல்லாமல் கொதித்துத் துப்பும் வழியும் ஒன்று உண்டு: ஃபேன் சுற்றாமல் இருப்பது. ஓட்டத்தில் காற்று படுவதால் தெரியாது, டிராஃபிக்கில் நிற்கும்போது சூடு ஏறும். ஃபேன் மோட்டார் நல்லதாகவே இருக்கும், எர்த் வயரின் முனை பச்சை பூத்துக் கிடக்கும். சுரண்டி, கிரீஸ் தடவி மாட்டினால் போதும்.

அம்பாசிடர், பழைய ஜீப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி: இஞ்சின் பிளாக்கின் பக்கவாட்டில் தண்ணிப் பாதையின் துளைகளை அடைத்திருக்கும் கோர் பிளக் தகடுகளை மறக்காதீர்கள். மேனிஃபோல்டுக்குப் பின்னால் இருப்பது உள்ளிருந்து அரித்து ஊசித்துளை விழும்.

தனுஷ்கோடி அரிச்சல்முனை மாதிரி இடத்தில் இஞ்சின் சூட்டைக் காட்டும் முள் ஏறிவிட்டால் ஏசியை அணைத்து, ஓரம்கட்டி, இஞ்சினை நிறுத்துங்கள். ஹீட்டர் உள்ள வண்டியில், நிறுத்தும் இடம் கிடைக்கும்வரை அதை முழுச் சூட்டில் திறந்து வைத்தால் கொஞ்சம் தணியும். முள் ஏறியிருந்து திடீரென்று கீழே வந்தால் சந்தோஷப்படாதீர்கள். தண்ணி முழுக்கப் போய்விட்டால் சென்சார் வெறும் ஆவியில் நிற்கும், குறைவாகத்தான் காட்டும். குறைந்தது முக்கால் மணி நேரம் ஆறவிட்டு, குடிக்க வைத்திருக்கும் பாட்டில் தண்ணியை மெல்ல ஊற்றுங்கள். கடல் தண்ணி எந்த அவசரத்துக்கும் ஆகாது. ரேடியேட்டரில் மஞ்சள் தூள் போட்டு ஒழுக்கை அடைக்கும் பழைய கைவைத்தியம் ஊர் வந்து சேர உதவும், மறுப்பதற்கில்லை. வந்ததும் கழுவி எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஹீட்டரும் ரேடியேட்டர் குழாயும் அடைத்துக்கொள்ளும்.

ஆகவே உங்கள் வேலை இந்த வரிசையில் நடக்கட்டும். ஆறிய வண்டியில் பழைய தண்ணியை இறக்கி, டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி ஓடவிட்டு, தெளிவாக வரும்வரை கழுவுங்கள். ரிசர்வ் டேங்கைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். கூலன்ட்டை மெதுவாக ஊற்றி, ஹீட்டரைத் திறந்து, மூடி போடாமல் ஐடிலில் விட்டு, ஃபேன் ஒருமுறை சுற்றி நிற்கும்வரை காற்றை வெளியேற்றுங்கள். ரேடியேட்டரைக் கழுத்துவரை நிரப்பிப் புது மூடியைப் போடுங்கள். ரிசர்வ் டேங்கில் லோ, ஃபுல் இரண்டு கோட்டுக்கும் நடுவில் நிறுத்தி, அந்த மட்டத்தில் ஒரு டேப் ஒட்டுங்கள். முதல் இரண்டு நாள் மிச்சக் காற்று வெளியேறி மட்டம் கொஞ்சம் இறங்கும், அது ஒழுக்கல்ல. நிரப்பிவிட்டு அதன் பிறகு ஒரு வாரம், தினமும் காலையில், வண்டியை எடுக்குமுன் டேப்பை மட்டும் பாருங்கள். ரேடியேட்டர் மூடியைத் தினமும் திறக்க வேண்டாம். ஒரு வாரத்தில் டேப்புக்குக் கீழே கண்ணுக்குத் தெரிகிற அளவு இறங்கினால் பிரஷர் டெஸ்டுக்குப் போங்கள், போகும் அன்று காலையில் மேல் ஹோஸ் எந்த நிலையில் இருந்தது என்பதையும் மெக்கானிக்கிடம் சொல்லுங்கள்.

இறக்கிய தண்ணியில் பழைய கூலன்ட் கொஞ்சம் கலந்திருந்தாலும் வாசலில் கொட்டாதீர்கள், திறந்த வாளியில் விட்டு வைக்கவும் வேண்டாம். கிளைக்கால் இனிப்பாக இருக்கும், விஷம். ஆடும் நாயும் தேடி வந்து நக்கும், சிறுநீரகம் கெட்டுச் செத்துப்போகும். பழைய கேனில் ஊற்றி, மூடியை இறுக்கி, ஆயில் மாற்றும் ஒர்க்‌ஷாப்பில் அவர்களுடைய கழிவு ஆயிலோடு கலக்காமல் தனியாகக் கொடுத்துவிடுங்கள்.